புவனா தட்டிய எண்டர்

உங்களில் பாதிப் பேருக்குக் கறுப்புத் திரையைக் கண்டால் பயம். மீதிப் பேருக்குப் பயமே இல்லை. எனக்குக் கவலையெல்லாம் இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான். லேப்டாப் மூடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, இணையத்தில் யாரோ எழுதி வைத்த கட்டளையை அப்படியே எடுத்து ஒட்டி, அதில் என்ன இருக்கிறது என்று படிக்காமலே எண்டரைத் தட்டுகிற பிள்ளைகள். புதிதாகச் சேர்ந்த உங்களோடு கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள், பேசுவதை எழுதியும் கொடுக்கச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை, எழுதிவிட்டேன்.

கட்டளைத் திரையில் முதலில் கற்க வேண்டியவை மிகவும் குறைவு. நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்க pwd. அங்கே என்னென்ன இருக்கிறது என்று பார்க்க ls. இடம் மாற cd, நகல் எடுக்க cp, அழிக்க rm. ஒரு மத்தியானத்தில் கற்றுவிடலாம். அதற்கப்புறம் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் வருடக்கணக்காகும். மவுஸை வைத்து அழித்தால் கணினி "நிச்சயமாகவா?" என்று கேட்கும், அழித்ததைக் குப்பைத் தொட்டியில் போட்டு வைத்திருக்கும். இங்கே அந்தக் கரிசனம் எதுவும் கிடையாது. சொன்னதைச் செய்துவிட்டு அடுத்த வரியில் வந்து சும்மா நிற்கும். செய்து முடித்தேன் என்றுகூடச் சொல்லாது. பழகாதவர்கள் அந்த மௌனத்தைப் பார்த்து, ஒன்றுமே நடக்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை தட்டுவார்கள்.

எனக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் சுங்கை வே பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணினி அறையைக் கவனித்துக்கொண்ட ஒரு சீனப் பெண்மணி. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஒருநாள் உற்பத்தி மொத்தமும் நின்றுபோய், மேலாளர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பரபரவென்று எதையோ தட்டப் போனேன். அவர் என் நாற்காலியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, என்னையும் அப்படியே உட்காரச் சொன்னார். பயமாக இருக்கும்போது எதையும் தட்டாதே என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து சொன்னார். மேலாளர்கள் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மூச்சு சீரான பிறகு அவர் தட்டிய முதல் கட்டளை pwd. கணினிக்குள் நாங்கள் நினைத்த இடத்தில் நாங்கள் இல்லை. நான் தட்டப் போனதைத் தட்டியிருந்தால் அன்றோடு என் வேலை முடிந்திருக்கும்.

அந்தப் பாடம் என்னை வேலைக்காலம் முழுக்கக் காப்பாற்றியது. ஒரே ஒரு நாள் அது உதவவில்லை. அந்த நாளைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். கேட்டால் மனசு கொஞ்சம் கனக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால், பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே பூக்கடைகள், மேலே நாங்கள். தொலைபேசி எடுப்பவர்களுக்கு ஒரு கூடம், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் சர்வர் அறை. செமினியில் ஒருவர் குளியலறையில் விழுந்தாலும், கிள்ளானில் ஒருவருக்கு மூச்சு அடைத்தாலும் அந்தக் கூடத்தில்தான் மணி அடிக்கும்.

புவனா அந்தக் கூடத்தில் தொலைபேசி எடுத்தவர். கேரி தீவில் செம்பனைத் தோட்டத்துக் குடும்பம். அங்கிருந்தே தினமும் வந்து போனார். தம்பி மோட்டார் சைக்கிளில் கிள்ளான் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்து விடுவான், அங்கிருந்து கொமுட்டர் ரயில். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணே, இந்தக் கறுப்பு ஸ்கிரீன் வேலைய எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

"எதுக்கும்மா?"

"போன விட்டு வெளிய வரணும்ணே. வீட்டுக்குப் போனாலும் அந்தக் குரலுங்க காதுக்குள்ளயே கெடக்கு லா. இது கத்தாதுல்ல?"

கத்தாது என்றேன். வேலை சரியாக முடிந்தால் வாயே திறக்காது என்றேன். அது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எந்தச் சர்வரோடும் இணைக்காத ஒரு பழைய கணினியை மூலையில் போட்டுக் கொடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் கடையில் தப்பாவ் கட்டி வாங்கிய சாப்பாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் தட்டித் தட்டிப் பழகினார். வேகம் வரவே இல்லை. ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு, எண்டரைத் தட்டும் முன் அதை வாய்விட்டு ஒருமுறை படிப்பார். கூடத்தில் முகவரியைத் திருப்பிப் படித்துச் சரிபார்க்கும் பழக்கம் அப்படியே வந்துவிட்டது. என் உதவியாளன் பிரகாஷ் சிரிப்பான். நான் அவனை முறைப்பேன்.

ஒருநாள் தான் பழகிய ஃபைல் ஒன்றைத் தானே அழித்துவிட்டு, "இப்ப அது எங்கண்ணே போச்சு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. rm தட்டினால் ஃபைலின் பெயர் மட்டும்தான் உடனே போகிறது. ஏதாவது ஒரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தால், அது விடுகிற வரைக்கும் உள்ளே இருப்பது டிஸ்க்கில் அப்படியே இருக்கும். விட்டுவிட்டால் போச்சு. இதைச் சொன்னதும், "அப்போ கையப் புடிச்சிக்கிட்டிருக்கற வரைக்கும் உயிர் இருக்கும்" என்றார். ஆம்புலன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தால் புத்தி அப்படித்தான் போகும்.

இனி அந்த அழைப்புக்கு வருகிறேன்.

கிள்ளானிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். கணவருக்கு நெஞ்சு வலி. எடுத்தது புவனா. அந்தக் காலை நேரத்தில் எங்கள் வண்டிகள் எல்லாமே வெளியே இருந்தன. அப்படி இருந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று கூடத்தில் ஒரு விதி உண்டு: இப்போது வண்டி இல்லை, காத்திருக்காதீர்கள், கார் இருந்தால் நீங்களே கொண்டு போங்கள், இல்லையென்றால் அரசாங்க எண்ணைக் கூப்பிடுங்கள். அப்படிச் சொன்ன பிறகும், முதலில் ஓய்கிற வண்டியை அங்கே அனுப்புவது வழக்கம். அப்படி ஒன்று அந்த வீட்டுக்குப் போனபோது அவர் இறந்துவிட்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவருடைய மகன் ஆபீசுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வண்டி வருது, வெயிட் பண்ணுங்கன்னு உங்க ஆளு சொன்னாங்களாம். எங்க கார் வாசல்லயேதான் நின்னுச்சு பாஸ். பக்கத்து வீட்டு அங்கிள் ஓட்டறேன்னு சாவியக் கையில எடுத்திட்டாரு. அம்மாதான் வேணாம், வண்டி வருதுன்னு சொல்லியிருக்காங்க. காரைப் பாத்துக்கிட்டே வெயிட் பண்ணியிருக்காங்க."

புவனாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வெளியே வந்தவர் நேராக எங்கள் அறைக்கு வந்தார்.

"நான் அப்படிச் சொல்ற ஆளில்லண்ணே. ஆனா நேத்து என்ன சொன்னேன்னு ஞாபகமே வரல. ஒன்னு முடிய ஒன்னு எடுத்துக்கிட்டே இருந்தேன். எப்பவும் சொல்றதத்தான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்ல?"

எனக்கு என்ன தெரியும்? தெரிந்தது ஒன்றுதான். எல்லா அழைப்புகளும் பதிவாகின்றன, பதிவைக் கேட்டால் தெரிந்துவிடும். அதைத்தான் சொன்னேன். "கேட்டுடலாம்மா, கவலைப்படாத." தலையாட்டினார். "தப்பா சொல்லியிருந்தாலும் கேக்கணும்ணே," என்றார்.

எங்கள் புரோகிராம் பழசு. தொலைபேசியை இணைப்பதும் அழைப்பைப் பதிவதும் அந்த ஒன்றே. பதிவையெல்லாம் ஒரே ஃபைலில் தொடர்ந்து எழுதிக்கொண்டே போகும், வார இறுதியில்தான் அழைப்பு அழைப்பாக வெட்டி வேறு இடத்துக்கு அனுப்பும். நடுவில் ஒன்றை வெட்டி எடுக்க மேலிடத்து அனுமதி வேண்டும். நோயாளிகளின் அந்தரங்கம், சட்டம், அது நியாயமான விதிதான். மேலாளர் அந்த அனுமதிக்காக வெளியே போய்ப் பெரியவர்களோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய போன் அணைந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் டிஸ்க் நிரம்பியது. நான் கீழே ஒரு தே தாரே டீ குடிக்கப் போயிருந்தேன். எச்சரிக்கை வந்ததும் பிரகாஷ், பாடத்தில் படித்தபடி, எந்த ஃபைல் பெரியது என்று தேடினான். பெயரே புரியாத ஒரு பெரிய ஃபைல் கிடைத்தது. யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கவில்லை. rm. சர்வர் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

நான் மேலே வந்ததும் அவன் கதவுக்கே ஓடி வந்தான்.

"அண்ணே, பெரிய ஃபைல டிலீட் பண்ணிட்டேன். ஆனா இடமே வரமாட்டேங்குது. டிஸ்க் இன்னும் ஃபுல்லுன்னு காட்டுது."

இடம் ஏன் வரவில்லை என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. எந்த ஃபைல் என்றும் தெரிந்துவிட்டது. பெயர் போய்விட்டது. பதிவு செய்கிற புரோகிராம் மட்டும் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிள்ளான் அம்மாவின் குரலும் புவனாவின் பதிலும் அதற்குள் இருந்தன.

நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மையிலேயே அப்படித்தான் உட்கார்ந்தேன். வழி இருந்தது. புரோகிராமை நிறுத்தாமல், அது பிடித்திருக்கும் ஃபைலை வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகல் எடுத்துவிடலாம். ஆனால் அந்தப் பழைய இயந்திரத்தின் வேகத்துக்கு அரை மணி நேரமாவது ஆகும். வேறு நாளாக இருந்தால் நான் ஒரு ரொட்டி சானாய் வாங்கி வரச் சொல்லிவிட்டு நிதானமாக நகல் எடுத்திருப்பேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். டிஸ்க் நிரம்பியதில் புரோகிராம் மூச்சு முட்டி நின்றுவிட்டது. சாகவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை. வேறு எதையாவது அழித்து இடம் பண்ணினாலும் அது தானாக எழுந்து வராது. சுவரில் இருந்த பலகையில் காத்திருக்கும் அழைப்புகளுக்கான விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு வந்தன. இதில் கொடுமை என்னவென்றால், அழைத்தவர்களுக்கு மணி அடிக்கிற சத்தம் நன்றாகவே கேட்கும். இணைப்பு அறுந்திருந்தால் அவர்கள் வேறு எண்ணுக்குப் போயிருப்பார்கள். மணி அடிப்பதால், யாரோ எடுக்கப் போகிறார்கள் என்று நம்பிக் காத்துக்கொண்டே இருப்பார்கள். புரோகிராமை நிறுத்தி மறுபடி கிளப்பினால் உடனே சரியாகிவிடும். நிறுத்துகிற கணத்தில் அந்த ஃபைல் நிரந்தரமாகப் போய்விடும்.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரு முடிவுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் சும்மா இருந்த ஒவ்வொரு கணத்திலும் யாரோ ஒருவர் எங்கேயோ போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

புவனா உள்ளே வந்தார். "என்னாச்சுண்ணே? லைன் எதுவும் எடுக்க முடியல." மறைக்கவா முடியும்? சொன்னேன். ஃபைலின் பெயர் போய்விட்டது, உயிர் இருக்கிறது, எடுக்க அரை மணி ஆகும் என்றேன்.

"ரீஸ்டார்ட் பண்ணா?"

"லைன் உடனே வந்துடும். அது போயிடும்."

அவர் திரும்பிக் கண்ணாடி வழியே விளக்குகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

"பண்ணுங்கண்ணே."

"புவனா, யோசிச்சுச் சொல்லு. நீ என்ன சொன்னேங்கறதுக்கு வேற சாட்சி கெடையாது."

"நேத்து ஒருத்தர வெயிட் பண்ண வெச்சேனான்னு கேக்கறாங்க. இன்னிக்கு இத்தன பேர வெயிட் பண்ண வெச்சுத்தான் அதக் கண்டுபுடிக்கணுமா?"

நான் புரோகிராமை நிறுத்திக் கிளப்பும் கட்டளையைத் தட்டினேன். எண்டருக்கு மேலே விரல் நின்றுவிட்டது. கோழைத்தனமா, இரக்கமா, இன்றைக்கும் பெயர் வைக்கத் தெரியவில்லை. புவனா என் தோளுக்கு மேலாகக் குனிந்து, திரையில் இருந்த வரியை வழக்கம்போல வாய்விட்டுப் படித்தார். பிறகு என் கையை ஒதுக்கிவிட்டு எண்டரைத் தட்டினார்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. கூடத்தில் எல்லா மணிகளும் ஒரே சமயத்தில் அடித்தன. அவர் ஓடிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து முதல் அழைப்பை எடுத்தார். அடுத்த வாரம் அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக சக்கர நாற்காலி ஏறுகிற வண்டி கிடைக்குமா என்று ஒருவர் விசாரித்தார். புவனா பொறுமையாக எல்லா விவரமும் சொன்னார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன், வெட்கப்படவில்லை. அதற்கப்புறம் வந்தவற்றில் நிஜமான ஆபத்துகளும் இருந்தன. அவர்களில் யார் பிழைத்தார்கள், யார் பிழைக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியாது. அந்தத் தொழிலில் கதையின் முடிவு நமக்கு வந்து சேராது.

விசாரணை வைத்தார்கள். டிஸ்க்கைத் தோண்டிப் பார்க்க ஆள் கூப்பிட்டார்கள். அந்த இடத்தின் மேல் புதுப் பதிவுகள் ஏறிவிட்டிருந்தன, ஒன்றும் மிஞ்சவில்லை. பிரகாஷ் தான் செய்ததை ஒளிக்காமல் சொன்னான், அவனுக்கு எச்சரிக்கையோடு போயிற்று. என்னைக் கூப்பிட்டபோது நடந்த எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். விளக்குகளைப் பற்றிச் சொன்னேன், காத்திருந்தவர்களைப் பற்றிச் சொன்னேன், என் விரல் நின்றதைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அவர்கள் கேட்டவை இரண்டு கேள்விகள்.

"எண்டர் தட்டுனது யாரு?"

புவனா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "நான்தான்" என்றார்.

"போன் எடுக்கறவங்க எதுக்கு சர்வர் கட்டளையெல்லாம் படிச்சாங்க?"

தன்மேல் புகார் வந்த அன்றைக்கே அதற்கான பதிவைத் தன் கையாலேயே அழித்தவர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூலையில் கிடந்த அந்தப் பழைய கணினிகூட அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நான் கோபப்பட்டேன், மேசையைத் தட்டினேன், வெளியே அனுப்பப்பட்டேன். புவனாவின் வேலை போயிற்று. கிள்ளானில் அந்த அம்மாவும் அவர் மகனும் இன்றைக்கும் எதை நம்புகிறார்களோ அதைத்தான் நானும் அவர்கள் இடத்தில் இருந்தால் நம்பியிருப்பேன்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள். அழிப்பதற்கு முன்னால் அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அதற்கும் கட்டளை இருக்கிறது, நாளைக்கே காட்டுகிறேன். முக்கியமானது எதுவாக இருந்தாலும் அனுமதி வரும்வரை பத்திரமாக ஒரு நகலாவது எடுத்து வைக்க உங்கள் நிர்வாகத்தோடு இப்போதே சண்டை போட்டு வழி பண்ணி வையுங்கள். இதெல்லாம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும்போது எந்தப் பக்கத்துக் கையை விடுவது என்று எனக்குச் சொல்லித் தரத் தெரியாது. அதைத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு உங்களிடம் யாராவது வந்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

புவனா அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று, அவரோடு ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். பிளாட்பாரத்துக்கு இறங்கும் இடத்தில் நின்றுகொண்டு, பல நாளாக மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கொட்டினேன்.

"நான்தான் எண்டர் தட்டுனேன்னு சொல்லியிருக்கலாம்மா. என் டேபிள், என் கட்டளை. நம்பியிருப்பாங்க."

"சொல்லியிருந்தா நான் இல்லன்னு சொல்லியிருப்பேன்ணே."

"ஏன்மா?"

கிள்ளான் ரயில் வருகிறது என்று அறிவித்தார்கள். அவர் பையைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"அந்த ஆன்டிகிட்ட நான் என்ன சொன்னேன்னு சாகற வரைக்கும் எனக்குத் தெரியப் போறதில்ல. தூங்கப் போறப்ப ஒரு நாளைக்கு சரியாச் சொன்ன மாதிரி கேக்குது, இன்னொரு நாளைக்கு வெயிட் பண்ணச் சொன்ன மாதிரி கேக்குது. எண்டர் தட்டுனது நான்தான், ஏன் தட்டுனேன்னும் தெரியும். அந்த ரெண்டு நாள்ல எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது அது ஒன்னுதாண்ணே. அதையும் நீங்க எடுத்துக்காதீங்க."